என்னை ம்யூட்டில் போட்டவர்கள்

1

நான் இந்த நாட்டில் வாழலாம் என்று ஒரு அட்டை சொல்கிறது. பத்து வருடத்துக்கு ஒரு தடவை அது தன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்ளும். அப்போது பிரெஃபெக்டூர் என்கிற அலுவலகத்துக்குப் போய், இன்னும் இங்கேதான் இருக்கிறேன், இன்னும் ஒழுங்காகத்தான் இருக்கிறேன் என்று கட்டுக் கட்டாகக் காகிதம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். நம்ம ஊர் ஆபீஸ் மாதிரிதான். சுவரில் வெற்றிலை எச்சில் இருக்காது, யாரும் 'சாப்டுட்டு வாங்க' என்று சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே போவதற்கு முதலில் கணினியில் ஒரு நேரம் வாங்க வேண்டும். அந்த நேரம் கிடைப்பதற்குள் மனிதனுக்கு நரை கூடிவிடும்.

புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனில் பிறந்தவன் நான். பஞ்சாயத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே விட்டுப்போன பெயர் அது. இங்கே பாரிஸ் புறநகரில் நான் இருப்பதும் ஒரு கொம்யூன்தான். ஒரு கொம்யூனிலிருந்து இன்னொரு கொம்யூனுக்குக் குடிமாறியவனுக்கு இத்தனை கெடுபிடியா என்று கவுன்டரில் கேட்க எனக்கு எப்போதும் ஆசை. என் பிரெஞ்சு அந்த நேரம் பார்த்து ஓடி ஒளிந்துகொள்ளும்.

என் மனைவி எலிசபெத் சொல்தா வீட்டுப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவள் புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகள். அவளைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறியவன் நான். நானும் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கலாம். நேர்காணலில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்திலேயே இருபது வருடம் ஓடிவிட்டது.

போன ஏப்ரலில் என் அட்டைக்கு மறுபடி ஆயுசு முடிந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு நேரம் வாங்கினேன். வியாழக்கிழமை, காலை பத்தரை. அதைச் சமையலறைச் சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டினாள் எலிசபெத். நான்கு நாள் கழித்து பாகூர் பக்கமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. 'சார், ஃபைனல் ரிவ்யூ தேதி போட்டுட்டாங்க. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி.'

அங்கே ரெண்டு மணி என்றால் இங்கே பத்தரை.

2

அந்த ரிவ்யூவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலையில் இருக்கிற பொறியாளர்கள் சிலர், ஆளுக்கொரு நாட்டில் இருப்பவர்கள், சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு வைத்திருக்கிறார்கள். கிராமப்புறக் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு தடவை வீடியோவில் பேசி, அவர்களுடைய புராஜெக்டுக்குத் துணை நிற்க வேண்டும். சம்பளம் கிடையாது. நான் சேர்ந்த காரணம் சேவை மனப்பான்மை என்று எலிசபெத்திடம் சொன்னேன். உண்மைக் காரணம், வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். நான் பிரெஞ்சில் கேட்டால் சிரிப்பு வரும். நம்ம ஊர்ப் பக்கம் மூன்று பேர் வாரா வாரம் ஒரு மணி நேரம் நான் பேசுவதைக் கேட்பார்கள் என்றால் விட்டுவிட முடியுமா?

சேர்ந்த அன்றே குழுவில் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். 'பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்.' அன்றிலிருந்து இன்றுவரை நான் மீறிக்கொண்டிருக்கும் விதி அது.

பாகூர்ப் பக்கக் கல்லூரி ஒன்றில் என் மூன்று பேர்: ஜெயந்தி, பிரிட்டோ, தினேஷ். ஜெயந்தி கரையாம்புத்தூர்க்காரி, நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. முந்தின வருட மழையில் அவர்கள் தெருமுனைச் சின்னப் பாலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீர் சத்தம் காட்டாமல் ஏறி, வீட்டுக்குள் வந்துவிட்டது. விதைநெல் மூட்டைகள் கூடத்திலேயே முளைவிட்டன. பிரிட்டோ வில்லியனூர் பக்கம், என் பங்குக் கோயிலுக்கு அடுத்த பங்கு. தினேஷ் பனித்திட்டில் படகு வைத்திருக்கிற வீட்டுப் பையன்.

பாலத்தடியில் தண்ணீர் ஏறினால் சைரன் அடித்து, தெருவில் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்புகிற கருவி செய்ய வேண்டும் என்பது ஜெயந்தியின் யோசனை. முதல் வாரம் அவள் அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். இங்கே பாதாளச் சாக்கடைப் பம்புகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பராமரிக்கிறேன். சாக்கடைக் குழிக்கு மேலே ஒரு சென்சார் தொங்கும். நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அது கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, தண்ணீர் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று கணக்குப் போடும். இவர்கள் வாங்கியது அதன் சின்னத் தங்கச்சி. இரண்டு வட்டக் கண்கள் வைத்த மாதிரி இருக்கும். ஒரு கண் கத்தும், இன்னொரு கண் கேட்கும்.

அன்று உணர்ச்சிவசப்பட்டு அவர்களுக்கு என் தொழில் ரகசியத்தைச் சொன்னேன். "ஒரு மிஷின் நேத்து ஓடி இன்னிக்கு ஓடலன்னா, ஒயரு, புரோகிராம் கோடு எதையும் தொடாதீங்க. மொதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நேத்துக்கும் இன்னிக்கும் இன்னா மாறிச்சு?"

மூவரும் எழுதிக்கொண்டார்கள். நிலா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நிஜமாகவே எழுதுகிறார்களே" என்று பிரெஞ்சில் ஆச்சரியப்பட்டாள்.

ஆனால் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. டவுனில் புராஜெக்ட் சென்டர் என்று கடைகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுப்பது போல அங்கே இறுதியாண்டுப் புராஜெக்டை எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டையும் பைண்டிங் போட்டுத் தந்துவிடுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் போனார்கள்.

"நம்மளும் வாங்கிடலாம் சார்," என்றான் தினேஷ். "ரெடிமேட்ல நல்லா ஓடும். இது ஒரு நாளு பேசுது, ஒரு நாளு மூஞ்சியத் திருப்பிக்குது."

"நீ வேணா கடையில போயி வாங்கிக்கோடா," என்றாள் ஜெயந்தி. "எங்க தெருவுல தண்ணி வந்தா கடைக்காரன் வந்து மூட்டை தூக்குவானா?"

"கோச்சிக்காத தாயி. ஃபெயிலாச்சுன்னா மூணு பேருக்கும் அரியர். வூட்ல நீயே வந்து எங்க அப்பாகிட்ட சொல்லு."

"சொல்றேன். என்னாலதான்னு சொல்றேன். போதுமா?"

அவ்வளவுதான் ஒப்பந்தம். ரிவ்யூவில் கருவி ஓடாவிட்டால் மூன்று பேருக்கும் அரியர், பழி ஜெயந்திக்கு. ஓடினால் அந்தக் கருவி பாலத்தடிக்குப் போகும். 'பாஸான மிஷினா இருந்தா கொண்டாங்க, மாட்ட விடறேன்' என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். நடுவில் நான் ஒருவன், 'வுவாலா, வுவாலா' என்று சொல்லிக்கொண்டு. பேச்சின் நடுவே பிரெஞ்சு வந்து விழுவது எனக்குத் தெரிவதில்லை. ஏதாவது சரியாக அமைந்துவிட்டால் வாயில் வுவாலா வந்துவிடும். மாசி மாதத்துக்குள் அந்த மூன்று பேரும் சோல்டரிங் முடிந்ததும் 'வுவாலா சார்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

3

ரிவ்யூவுக்கு முந்தின நாள் நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் மட்டும் பலமுறை போன் செய்தேன். "யாரும் அதைத் தொடாதீங்க. இப்ப நல்லா ஓடுது. பாத்தா மட்டும் போதும், தொடாதீங்க." பிறகு, பார்க்கிங் கிடைக்கும் என்பதற்காக மட்டுமே வழக்கமாக நான் ஒதுங்குகிற எங்கள் தெரு தேவாலயத்துக்குள் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாதாவிடம் அட்டைக்காக ஒன்று, சைரனுக்காக ஒன்று என இரண்டு வேண்டுதல். மெழுகுவர்த்தி ஒன்றுதான். அங்கேயே கணக்கு உதைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பிரெஃபெக்டூர் கூடத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். சுவரில் போனுக்குக் குறுக்குக் கோடு போட்ட படம். என் போன் துடித்தது.

"சார், கண்ணு தெரியல சார்," என்றாள் ஜெயந்தி. வீடியோவில் அவள் முகம் பாதி, கல்லூரி ஃபேன் பாதி. "தண்ணி ஊத்தறோம், எதுவுமே வரல. ஜீரோன்னே காட்டுது."

"நேத்து ஓடிச்சே."

"நேத்து ஓடிச்சு சார்."

"எக்ஸாமினர் எங்க?"

"ரெண்டு டேபிள் தள்ளி நிக்கறாரு."

கூடத்தை விட்டு வெளியே, போட்டோ எடுக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் ஓடி நின்றுகொண்டேன். அதன் பிறகு நான் பேசியது எதுவும் ஒரு பொறியாளர் பேசக்கூடியது அல்ல. பேட்டரியை மாத்துங்க என்றேன். மாற்றினார்கள். ஒயரு லூசா பாருங்க என்றேன். பார்த்தார்கள். வெயில்ல காத்து சூடாகி சத்தம் வேகமா போகுது, கோட்ல அதைக் கழிங்க என்றேன். அது இரண்டு விரற்கடை வித்தியாசம்கூடத் தராது என்று எனக்கே தெரியும். எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டுங்க என்றேன். "அட்டாந்தே, அட்டாந்தே!" என்று பிரெஞ்சில் அவர்களைப் பொறுக்கச் சொன்னேன். பக்கத்தில் வந்து 'முசியூ' என்று கூப்பிட்ட காவலாளியிடம் 'இருப்பா, புள்ளைங்க அங்க தவிக்குது' என்று தமிழில் பதில் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

"கெப்பாசிட்டர்!" என்று கத்தினேன். "ஒரு கெப்பாசிட்டர் போடுங்க."

ஜெயந்தி திரையைப் பார்த்தாள். "சார், தப்பா நெனைச்சிக்காதீங்க," என்றாள். அவள் விரல் என் முகத்தை நோக்கி வந்தது. என் படத்தின் மூலையில், மைக்கின் மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

என்னை ம்யூட்டில் போட்டுவிட்டாள்.

எனக்கு அவர்கள் பேசுவது கேட்டது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அவளாக எடுக்காமல் அந்தக் கோடு போகாது. போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் மற்ற இரண்டு பேரையும் பார்த்துத் திரும்பினாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க. நேத்துக்கும் இன்னிக்கும் இன்னா மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல," என்றான் தினேஷ். "அதே பக்கெட்டு."

பிரிட்டோ தலையைச் சொறிந்தான். "தண்ணி மாறிச்சு. இன்னிக்கு நம்ம மாதா கோயில் குளத்துத் தண்ணி கொண்டாந்து ஊத்துனேன். ஒரு நம்பிக்கைதான்."

"டேய், இதுக்குமாடா?" என்றான் தினேஷ்.

"எந்தத் தண்ணியா இருந்தாலும் சத்தம் திரும்பி வரும். அது இல்ல," என்றாள் ஜெயந்தி. "வேற?"

"நேத்து ராத்திரி பொட்டி உங்க வூட்ல இருந்துச்சு," என்றான் பிரிட்டோ.

"இருந்துச்சு. யாரும் தொடல. அம்மாகிட்ட நூறு தடவ சொல்லியிருந்தேன், கை வைக்காதன்னு."

சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கித் திருப்பினாள். மூன்று பேரும் குனிந்தார்கள். பிறகு தினேஷ் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினான். ஜெயந்தி பெட்டியைப் போனுக்கு நேராக நீட்டினாள்.

சென்சாரின் இரண்டு கண்ணிலும், வலைக்கு மேலே, பட்டையாகச் சந்தனம். நடுவில் குங்குமம். கண் இரண்டும் மூடி, நல்ல பக்தியோடு இருந்தது அது.

அவள் தினேஷின் போனை வாங்கி, ஸ்பீக்கரில் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தக் குரலும் எனக்குக் கேட்டது. "நான் எங்கடி கை வெச்சேன்? பொட்டுதானே வெச்சேன். ரெண்டு கண்ணு இருந்துச்சு, ரெண்டுலயும் வெச்சேன். ட்ராக்டருக்கு வெக்கறோம், மோட்டாருக்கு வெக்கறோம், அதுங்கல்லாம் ஓடலையா?"

"சரி, வெச்சிடும்மா. அப்பறம் பேசறேன்."

இருபது வருடமாக நான் செய்கிற வேலை என்ன? வாரம் தவறாமல் சாக்கடைக் குழிக்கு மேல் குனிந்து, சென்சாரின் முகத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கைத் துடைப்பது. முகம் அடைத்தால் எதிரொலி வராது. அதை மறந்துவிட்டுக் கெப்பாசிட்டர், கெப்பாசிட்டர் என்று குதித்திருக்கிறேன்.

'தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, உள்ள போயிடும்' என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? "ஈரத் துணி வேணாம், உள்ள எறங்கிடும்," என்று அங்கே ஜெயந்தியே சொன்னாள். "காஞ்சிதான் இருக்கு. பிரெஷ் இருந்தாப் போதும்." தினேஷ் ஹாஸ்டலுக்கு ஓடி யாருடைய டூத்பிரஷ்ஷையோ கொண்டுவந்தான். வலைக் கண்ணிலிருந்து மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. பிரிட்டோ மாதா குளத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றினான். தண்ணீர் ஏறியது. சைரன் அலறியது.

"வுவாலா," என்றான் பிரிட்டோ.

அப்போது என் பின்னால், கூடத்துப் பலகையில் என் டோக்கன் எண் சிவப்பாக எரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். எக்ஸாமினரும் அங்கே மேசைக்கு வந்துவிட்டார். நான் திரையைப் பார்த்தேன். பலகையில் அடுத்த எண் எரிந்தது.

எக்ஸாமினர் வயதானவர், களைத்த முகம். பெட்டியைப் பார்த்தார். "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை, பஸ் நம்பர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வாங்கல சார். செஞ்சோம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. இதென்னம்மா, மஞ்சளா?"

மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள். மழுப்பிவிடு என்று நான் இங்கிருந்து கெஞ்சினேன். அவள் மழுப்பவில்லை. அம்மா பொட்டு வைத்தது, ஜீரோ காட்டியது, பேட்டரியும் ஒயரும் ஏன் காரணமில்லை, தண்ணீர் மாறியது ஏன் காரணமில்லை, சந்தனம் வலையை அடைத்தால் எதிரொலி ஏன் வராது என்று நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பாலத்தடியில் ஒட்டடையும் சேறும் இதே வேலையைச் செய்யும், அதனால் மேலே ஒரு மூடி போடப்போகிறோம், மாதம் ஒரு தடவை துடைக்கப்போகிறோம் என்றாள். அந்த மூடி யோசனை எனக்கு வந்ததே இல்லை.

எக்ஸாமினர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கடையில வாங்கினவங்களுக்கு அது எப்பிடி ஓடுதுன்னு சொல்லத் தெரியும்," என்றார். "எப்பிடிக் கெட்டுச்சுன்னு சொல்லத் தெரியாது. இன்னொரு தரம் தண்ணி ஊத்துங்க, பாக்கலாம்."

இன்னொரு தரம் சைரன் அலறியது. அவர் மார்க் போடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கைதட்டிக் கூச்சல் போட்டேன். பாகூர் பக்கம் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. பிரெஃபெக்டூரில் எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தடவை காவலாளி தலையாட்டவில்லை, வாசலைக் காட்டினார்.

4

"அட்டை எங்க?" என்றாள் எலிசபெத்.

"அட்டை இல்ல. ஆனா சைரன் அடிச்சிடுச்சு."

அவள் சுவரிலிருந்த சிவப்பு மைக் காகிதத்தைக் கிழித்தெடுத்து, மடித்து, என் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சொல்தா வீட்டுப் பெண்கள் கோபத்தைக்கூட அணிவகுப்பாகத்தான் செய்வார்கள்.

நிலா மட்டும் முழுக் கதையையும் கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடப் போனைப் பார்க்கவில்லை. கடைசியில் பிரெஞ்சில், "உன்னை ம்யூட் பண்ண முடியும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்றாள். பிறகு அந்தப் பொண்ணு பேர் என்ன என்று தமிழில் கேட்டாள்.

5

அடுத்த நேரம் கிடைக்க நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு தற்காலிகக் காகிதத்தில் என் வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் கருவியும் மூடி போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போயிருந்தது. செய்தி போகிற எண்களில் என் எண்ணையும் சேர்த்திருந்தார்கள். முதல் செய்தி ஐப்பசியில், நான் குழிக்கு மேல் குனிந்திருந்தபோது வந்தது: 'பாலம். தண்ணீர் ஏறுகிறது. கவனம்.' கைப்பிடியை விட்டுவிட்டு ஊருக்குப் போன் அடித்தேன்.

"எருமை சார்," என்றாள் ஜெயந்தி. "நம்ம பாக்கியம் அக்கா எருமை கீழ போயி நின்னுக்குச்சு. அதோட முதுகுல பட்டு எதிரொலி வந்துடுச்சு. ஒரேயடியா திடுதிப்புன்னு ஏறினா எருமை, மெதுவா ஏறினா தண்ணின்னு கோடு மாத்திட்டேன். நீங்க குழில விழுந்துடாதீங்க."

நவம்பரில் நிலாவும் என்னோடு வந்தாள், நான் மறுபடி கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ள. இந்தத் தடவை டோக்கன் எண் எரிந்ததும் எழுந்து போனேன். கவுன்டரில் இருந்த பெண்மணி என் கட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒன்றைத் திருப்பித் தந்தார். போட்டோ பழையது, ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏப்ரலில் வந்திருந்தால் செல்லும். கூடத்துக்கு வெளியே பெட்டி இருக்கிறது, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

அதே பெட்டி. திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். முகம் நேராக இருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது என்று பெட்டி பிரெஞ்சில் சொன்னது. போன் துடித்தது. 'பாலம். தண்ணீர் ஏறுகிறது. கவனம்.' கூடத்தில் காத்திருந்தபோதே வந்து நான் கவனிக்காத ஒன்றும் அதற்கு முன்னால் இருந்தது, அதைவிட இது நாலு விரற்கடை உயரம். மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. எருமை இல்லை.

என் கட்டைவிரல் அவள் பெயரைத் தேடுவதற்குள் அவளிடமிருந்தே குரல் செய்தி வந்துவிட்டது. பின்னால் மழைச் சத்தம், சைரன், யாரோ 'அந்தப் பக்கம் புடிடா' என்கிற சத்தம்.

"சார், தண்ணி நெசமாவே வருது. சைரன் அடிச்ச ஒடனே தெருவே வெளிய ஓடியாந்துடுச்சு. நெல்லு மூட்டையெல்லாம் மாடிக்கு ஏத்தியாச்சு, மாடுங்கள ஓட்டியாச்சு. தினேஷும் பிரிட்டோவும் வந்துட்டானுங்க. நீங்க போன் பண்ணாதீங்க சார், நாங்க வேலையா இருக்கோம்."

திரைக்கு வெளியே நிலாவின் ஷூ தெரிந்தது. "உன்ன வேணாங்கறாங்களா, பா?" என்று கேட்டாள், தமிழில்.

"ஆமா."

பெட்டி படம் எடுத்தது. ஏற்க முடியாது, சிரிக்கிறீர்கள் என்றது. முகத்தை இறுக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி மாட்டேன் என்றது. பக்கத்துக் கடைக்குப் போய் வேறு பெட்டியில் எடுக்கலாமா, இது பழுதாக இருக்குமோ என்று நிலா கேட்டாள். நான் எழுந்து கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதன் கண்ணைக் குனிந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எந்த அம்மாவும் அதற்குப் பொட்டு வைத்திருக்கவில்லை. அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.